ஜெராக்ஸ் கடையில் வளர்ந்த புத்தகம்

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "சார், இந்தத் தடவை நீங்க கட்டாயம் ஒரு கட்டுரை தரணும். விடுதி நினைவு, மெஸ் நினைவு எல்லாம் நிறைய வந்துடுச்சு. நீங்க உங்க சப்ஜெக்ட்ல ஏதாவது எழுதுங்க, வரலாறு மாதிரி" என்றார்கள்.

என் சப்ஜெக்ட் ஆப்பரேட்டிங் சிஸ்டம். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அதைப் பாடம் எடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். என்ன எழுதலாம் என்று யோசித்தபோது வீட்டுப் பரண்மேல் கிடக்கும் ஒரு கட்டு நினைவுக்கு வந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த முந்நூற்றுச் சொச்சம் தாள்கள். வெளிவராத ஒரு புத்தகம் அது. எழுதியவன் நான்தான். அது ஏன் வெளிவரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் சிட்னி, ஆம்ஸ்டர்டாம், ரோம் என்று ஒரு சுற்றுச் சுற்றித்தான் நம் ஊருக்கு வரவேண்டும். பொறுமையாக உடன் வாருங்கள்.

தமிழ்த் துறை, வணிகவியல் துறை நண்பர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள். அதனால் முதலில் ஒரு சிறு விளக்கம். கணினியில் நாம் பார்ப்பதெல்லாம் முன்கூடம். அடுக்களை உள்ளே இருக்கிறது. எந்த வேலை எப்போது நடக்கும், யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு வட்டில் எங்கே என்று தீர்மானிக்கும் அந்த அடுக்களைக்குக் கெர்னல் என்று பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கரு அதுதான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் நூல்கள் கடைகடையாகக் கிடைக்கும். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் நூல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவை ஏன் அவ்வளவு அரிது என்பதே இந்தக் கட்டுரை.

ஆய்வகத்தில் கிடைத்த கட்டு

1991-ஆம் வருடம். எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. நம் துறை ஆய்வகத்தில் ஒரே ஒரு யுனிக்ஸ் இயந்திரம், அதோடு இணைத்த டெர்மினல்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுக் குளிர்சாதன அறைக்குள் பயபக்தியோடு போன தலைமுறை நாங்கள். ஒருநாள் வகுப்பில், "சார், ஒரே மெஷின்ல எட்டுப் பேர் வேலை செய்யறோமே, அது எப்படி எங்களை மாத்தி மாத்திக் கவனிக்குது?" என்று கேட்டுவிட்டேன். சார் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்து, "ரெண்டு நாள்ல திருப்பிக் கொடுத்துடு. யாருகிட்ட இருந்து வந்துதுன்னு கேக்காதே" என்றார்.

நகலின் நகலின் நகல் அது. ஓரங்களில் எழுத்து மங்கி, சில இடங்களில் வரியே காணாமல் போயிருந்தது. யாரோ பென்சிலால் விட்டுப்போன எழுத்துகளைத் திருத்தியிருந்தார்கள். முன் அட்டையில் ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பெயர். பக்கத்துக்கு முக்கால் ரூபாய் வீதம் மெஸ் பணத்தில் கைவைத்து நானும் ஒரு நகல் எடுத்தேன். செய்தது சரியா தவறா என்று அன்று யோசிக்கவில்லை. அந்தக் கட்டின் வரலாறு பின்னால்தான் தெரிந்தது.

சிட்னியில் ஓர் ஆசிரியர்

யுனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் கையில் பிறந்தது. அந்த ஆய்வகம் ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956-ல் அரசுடன் ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் கணினி வியாபாரத்தில் இறங்கக்கூடாது. ஆகவே யுனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு சொற்பத் தொகைக்கே கொடுத்தது. மூல நிரல் என்றால் மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம். அடுக்களைச் சாவியையே கையில் கொடுத்த மாதிரி.

1974-ல் தாம்சனும் ரிட்சியும் ஓர் ஆய்விதழில் யுனிக்ஸைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அதைப் படித்தார். விரைவிலேயே யுனிக்ஸ் அங்கே வந்து சேர்ந்தது. லயன்ஸுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வைத்தியம் படிக்கிறவன் உடலை அறுத்துப் பார்க்கிறான். கட்டடக்கலை படிக்கிறவன் நல்ல கட்டடங்களைப் போய்ப் பார்க்கிறான். கணினி படிக்கிற பையன் மட்டும் ஏன் ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கண்ணால் காணாமலே பட்டம் வாங்குகிறான்?

ஆறாம் பதிப்பு யுனிக்ஸின் கெர்னலை எடுத்து, ஏறத்தாழ 9,000 வரிகளை ஒழுங்குபடுத்தி, வரிசை எண் போட்டு ஒரு புத்தகமாக அச்சிட்டார். இன்னொரு புத்தகத்தில் அதற்கு உரை எழுதினார். உரை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். நம் தமிழாசிரியர்கள் பரிமேலழகரை வைத்துக்கொண்டு குறளுக்குப் பொருள் சொல்வார்களே, அதே முறை. மூலம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம். இந்த வரி ஏன் இங்கே நிற்கிறது, இதை மாற்றினால் என்ன ஆகும் என்று மாணவனிடமே கேட்டுக் கேட்டுப் போகும் உரை. 1976, 77-ல் இரண்டு நூல்களும் உருவாயின. இரண்டும் ஒரு மாணவன் பைக்குள் அடங்கிவிடும்.

அதில் 2238-ஆம் வரி புகழ் பெற்றது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கணினி தாவும் இடத்தில், இது உனக்குப் புரியவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். ஆணவமாக எழுதியது என்றே பலர் நினைத்தார்கள். "இது பரீட்சைக்கு வராது" என்ற தொனியில்தான் எழுதினோம், உண்மையில் அந்த இடத்தில் நடப்பது எங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று ரிட்சி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நான் வகுப்பில் கேட்ட கேள்வியும் அதே இடத்தைப் பற்றியதுதான்! படைத்தவர்களையே தடுமாற வைத்த இடத்துக்கு ஓர் ஆசிரியர் உட்கார்ந்து உரை எழுதினார் என்றால், உழைப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

பூட்டு விழுந்தது

மூல நிரல் ஏ.டி. அண்டு டி.யின் தொழில் ரகசியம். ஆகவே லயன்ஸின் நூல் ஆரம்பத்திலிருந்தே யுனிக்ஸ் உரிமம் பெற்ற இடங்களுக்கு மட்டும்தான் போகலாம். கடையில் விற்க வழியில்லை. 1979-ல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் வந்தபோது உரிமத்தின் விதிகள் இறுகின. மூல நிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கவே கூடாது என்றாகிவிட்டது. 1984 ஜனவரியில் ஏ.டி. அண்டு டி. பிரிக்கப்பட்டு, கணினி வியாபாரத்துக்குக் கதவு திறந்தது. அதன்பின் யுனிக்ஸ் முழுக்க முழுக்க விற்பனைச் சரக்கு. சரக்கின் ரகசியத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க எந்த வியாபாரி சம்மதிப்பான்?

லயன்ஸ் பெல் ஆய்வகத்துக்கே போய்ப் பணியாற்றி வந்தவர். படைத்தவர்களே அவர் நூலை மெச்சினார்கள். இருந்தும் அதை முறையாக அச்சேற்ற முடியவில்லை. ஒரு பக்கம் வக்கீல்கள். மறுபக்கம் ஜெராக்ஸ் கடைகள். உலகின் ஒவ்வொரு கணினித் துறையிலும் யாராவது ஒரு சாரிடம் அந்தக் கட்டு இருந்தது என்பார்கள். கணினி நூல்களிலேயே அதிகமாக நகலெடுக்கப்பட்டது அதுதான் என்றும் சொல்வதுண்டு. இருபது வருடம் இப்படியே போனது. இதற்குள் யுனிக்ஸின் உரிமை 1993-ல் நோவெல் நிறுவனத்துக்கும், 1995-ல் சாண்டா குரூஸ் ஆப்பரேஷனுக்கும் கைமாறியது. கடைசியில் 1996-ல், யுனிக்ஸ் வரலாற்றை எழுதிய பீட்டர் சேலஸ் போன்றோர் எடுத்த முயற்சியால், நூல் முறைப்படி அனுமதி பெற்று வெளிவந்தது. அப்போது லயன்ஸ் உடல்நலம் குன்றிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1998 டிசம்பரில் காலமானார். இருபது வருடம் உலகமே திருட்டுத்தனமாகப் படித்த தன் நூலைக் கடைப் புத்தகமாகக் காண அவருக்குக் கிடைத்தது இரண்டே வருடம்.

சுற்றுவழி கண்ட இருவர்

பூட்டிய கதவைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு பேர் இரண்டு வழி கண்டார்கள்.

முதலாமவர் மாரிஸ் பாக். பெல் ஆய்வகத்திலேயே வேலை பார்த்தவர். அங்கே தாம் நடத்திய வகுப்புகளிலிருந்து 1986-ல் யுனிக்ஸின் வடிவமைப்பைப் பற்றி நூல் எழுதினார். மூல நிரலிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துப் போடாமல், ஒவ்வொரு செயல்முறையையும் சி மொழிச் சாயலில் தாமே எழுதிய படிகளாகச் சொல்லிக்கொண்டு போனார். செய்முறை உண்டு, சமையலறைக்குள் மட்டும் அனுமதி இல்லை! நம்மில் பலருக்கு அந்த நூலின் இந்தியப் பதிப்பு நினைவிருக்கும். மெல்லிய தாள், மலிவு விலை. மூர்மார்க்கெட்டிலும் அதன் பழைய பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது. லயன்ஸின் கட்டையும் பாக்கையும் அருகருகே வைத்துப் படித்துத்தான் நான் பாஸானேன்.

இரண்டாமவர் ஆண்ட்ரூ டானென்பாம். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர். யுனிக்ஸைக் காட்டிப் பாடம் எடுக்கக்கூடாது என்றதும், "சரி, நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். ஒரு பாடப்புத்தகத்துக்காக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே எழுதிய மனிதர்! நடுவில் ஒரு சோதனை வந்தது. நன்றாக ஓடும் கணினி ஒரு மணி நேரத்தில் காரணமே இல்லாமல் நின்றுபோகும். எங்கே பிழை என்றே தெரியவில்லை. கைவிட்டுவிடலாமா என்கிற நிலைக்கே வந்துவிட்டார். சிப் சூடேறினால் கையேட்டில் எங்குமே சொல்லாத 15-ஆம் எண் இன்டரப்ட் ஒன்றை எழுப்புகிறது என்று அவருடைய மாணவர் ஒருவர்தான் சொன்னார். அதைக் கவனித்துக்கொள்ள நிரலில் ஓர் ஏற்பாடு செய்ததும் எல்லாம் சரியாயிற்று. 1987-ல் மினிக்ஸ் என்ற அந்த அமைப்பும், ஏறத்தாழ 12,000 வரி நிரலைப் பின்னிணைப்பாகக் கொண்ட அவர் நூலும் வெளிவந்தன.

மினிக்ஸுக்கும் ஒரு சிறு பூட்டு உண்டு. படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம், ஆனால் விரும்பியபடி ஊருக்கெல்லாம் விநியோகிக்க முடியாது. 2000-ல்தான் அது தளர்ந்தது. அதற்குள் ஹெல்சிங்கியில் அந்த நூலைப் படித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தாமே ஒரு கெர்னலை எழுத ஆரம்பித்து, அதற்கு லினக்ஸ் என்று பெயராகி, உலகம் அதன் பின்னால் போய்விட்டது. தம் வாழ்க்கையை மாற்றிய நூல் டானென்பாமுடையது என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பூட்டு திறந்தது, வண்டி நகர்ந்தது

லினக்ஸின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சிடலாம், உரை எழுதலாம். வக்கீல் பயம் ஒழிந்தது. இனி நூல்கள் குவியும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கேதான் இரண்டாவது கஷ்டம் வந்தது. அடைத்த வீட்டுக்குள் போக முடியாதது முதல் கஷ்டம். ஓடுகிற ரயிலை நின்றபடி வரைய முடியாதது இரண்டாவது. 1994-ல் லினக்ஸ் 1.0 வந்தபோது 1,76,250 வரிகள். 2001-ல் 2.4 வந்தபோது சுமார் 34 லட்சம். 2003 டிசம்பரில் 2.6, சுமார் 59 லட்சம். 2020-ல் இரண்டே முக்கால் கோடியைத் தாண்டிவிட்டது. லயன்ஸ் உரை எழுதியது 9,000 வரிக்கு என்பதை நினைவில் வையுங்கள். இப்போது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. உள்ளே இருக்கும் இணைப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பது லினக்ஸ் எழுதுகிறவர்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. கெர்னலுக்கு அது நல்லது. நூலாசிரியருக்குத்தான் தலைவலி.

ரோம் நகரப் பேராசிரியர்கள் பொவெட், செசாட்டி இருவரையும் பாருங்கள். 2000-ல் 2.2 கெர்னலைப் பற்றி எழுதினார்கள். சில மாதங்களில் 2.4 வந்தது. 2002-ல் அதற்கேற்ற பதிப்பு. அடுத்த ஆண்டே 2.6. 2005-ல் மூன்றாம் பதிப்பு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். லினக்ஸில் டிரைவர் எழுதுவது பற்றிய புகழ்பெற்ற நூலும் 2005-ல் மூன்றாம் பதிப்போடு நின்றது. மெல் கோர்மன் என்ற ஆய்வாளர் நினைவக நிர்வாகத்தைப் பற்றி எழுதிய அருமையான நூல் 2.4-ஐ அடிப்படையாகக் கொண்டது. அது 2004-ல் கடைக்கு வருவதற்குள் 2.6 வந்துவிட்டது.

பூட்டிய வீடான விண்டோஸின் கதையும் இதுதான். அங்கே நிறுவனமே தன் பதிப்பகம் வழியாக உள்ளமைப்பு நூல்களை வெளியிட்டது. ஹெலன் கஸ்டரில் தொடங்கி, டேவிட் சாலமன், மார்க் ருசினோவிச் என்று கைமாறி வளர்ந்த வரிசை அது. ஏழாம் பதிப்பின் முதல் பாகம் 2017-ல் வந்தது. இரண்டாம் பாகம் 2021-ல். நடுவில் நான்கு வருடம்! எழுத ஆரம்பித்தபோது இருந்த விண்டோஸ் முடிக்கும்போது இல்லை.

மூன்றாவது கஷ்டம் பணம். இத்தகைய நூலை எழுதத் தகுதியுள்ளவருக்குக் கெர்னல் எழுதும் வேலையிலேயே நல்ல சம்பளம் உண்டு. நூலைத் தேடி வாங்குகிறவர்களோ சில ஆயிரம் பேர். இரண்டு மூன்று வருட ராத்திரிகளைக் கொடுத்து, அச்சேறும் நாளிலேயே பழசாகும் ஒன்றை எழுத யார் முன்வருவார்? பெரும்பாலும் வாத்தியார்கள்தான். வகுப்பு இருக்கிறதே, பாடம் எடுத்தாக வேண்டுமே!

என் பரண்மேல் உள்ள கட்டு

அப்படித்தான் நானும் மாட்டிக்கொண்டேன். 2001-ல் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து வந்தவர்கள். மூளை கூர்மை. ஆங்கில நூலைத் திறந்தால் மட்டும் முகம் வாடிவிடும். அவர்களுக்காக 2.4 கெர்னலைப் பற்றித் தமிழில், வகுப்பில் பேசுகிற தமிழிலேயே, குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

யாருக்கு அடுத்த முறை என்று தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். அதைக் கல்யாணப் பந்தியாக விளக்கினேன். இலை ஒன்று காலியாகிறது. வாசலில் காத்திருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, இவருக்கு எவ்வளவு தகுதி என்று மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண்காரரை உட்காரவைக்கிறார் பந்தி விசாரிப்பவர். 2.4-ல் அந்த மதிப்பெண் போடும் பகுதிக்கு 'குட்னெஸ்' என்றே பெயர். பத்துப் பேர் நின்றால் சரி, ஆயிரம் பேர் நின்றால் மதிப்பெண் போடவே நேரம் போய்விடும் என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரீட்சையிலும் எழுதினார்கள்.

2003-ல் முந்நூறு பக்கம் சேர்ந்தது. ஒரு பதிப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பக்கங்களை மரியாதையாகத்தான் புரட்டினார். "நல்லா இருக்கு சார். சிலபஸ்ல இருக்கா?" என்றார். தமிழில் இல்லை என்றேன். "அப்போ யார் வாங்குவாங்க? இங்கிலீஷ்ல, கேள்வி-பதிலா எழுதிக் கொடுங்க, போட்டுடலாம்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தாளுக்கும் அச்சுக்கும் காசு போடுகிறவர் வேறென்ன கேட்பார்?

வேறு இடம் பார்க்கலாம் என்றிருந்தபோது, அந்த டிசம்பரில் 2.6 வந்தது. குட்னெஸ் போயே போய்விட்டது. காத்திருப்போரை முன்கூட்டியே தகுதி வாரியாக வரிசை வரிசையாக நிறுத்திவைத்து, முதல் வரிசையின் முதல் ஆளைக் கூப்பிடுவது புது முறை. ஆயிரம் பேர் நின்றாலும் ஒரே நேரம்தான். சரி என்று அத்தியாயத்தை மாற்றி எழுத உட்கார்ந்தேன். வேலை, குடும்பம் என்று இழுத்தது. 2007 அக்டோபரில் 2.6.23 வந்தது. அந்த முறையும் போய், இதுவரை யார் குறைவாகச் சாப்பிட்டாரோ அவரை அடுத்து உட்காரவை என்ற முறை வந்தது. அன்று இரவு தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். "என்னங்க, முடிச்சிட்டீங்களா?" என்று கேட்ட மனைவிக்கு, "அது என்னை முடிச்சிடுச்சு" என்று சொன்னது நினைவிருக்கிறது.

எதை எழுதவேண்டும்?

பல வருடம் கழித்துத்தான் என் பிழை புரிந்தது. ஓடுகிற கெர்னல் நிற்கட்டும், அப்புறம் எழுதி முடிக்கலாம் என்று காத்திருந்தேன். அது நிற்கவே நிற்காது. லயன்ஸ் அப்படிக் காத்திருக்கவில்லை. ஆறாம் பதிப்பு என்ற ஒன்றைப் பிடித்து, இதுதான் என் மூலம் என்று முடிவு செய்து உரை எழுதினார். உலகம் ஏழு, எட்டு என்று போனபோதும் உரை கெடவில்லை. டானென்பாமும் சிறியதாக ஒன்றைத் தாமே செய்துகொண்டார். நிலைத்த நூல்கள் எல்லாம் ஒரே ஆள் தலைக்குள் அடங்கக்கூடிய அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவை. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று தீர்மானித்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2002-ல் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தைத் தொடங்கியபோது எடுத்துவைத்தது லயன்ஸின் நூலைத்தான். பழைய கணினியின் நுணுக்கங்களையெல்லாம் மாணவர்கள் கற்கவேண்டியிருந்ததால், 2006-ல் அந்த ஆறாம் பதிப்பையே தழுவி எக்ஸ்.வி.6 என்ற சிறு அமைப்பை எழுதிக்கொண்டார்கள். 2019-லிருந்து அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலிக் கட்டமைப்பில் ஓடுகிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளும் அதே கட்டமைப்பைச் சேர்ந்தவைதான். எக்ஸ்.வி.6-இன் நிரலும் அதற்கு எழுதிய உரையும் எல்லோருக்கும் இலவசம். யாரும் திருட்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023-ல் வந்த லினக்ஸ் 6.6-இல் ஷெட்யூலர் மறுபடியும் மாறியது. குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குள்ளும் யாருக்குப் பஸ்ஸுக்கு அவசரமோ அவரை முதலில் உட்காரவைக்கும் முறை. இந்த யோசனை 1995-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இருபத்தெட்டு வருடம் அலமாரியில் காத்திருந்து உள்ளே வந்தது. நிரல் பத்து வாரத்தில் பழசாகும். கருத்து ஆகாது. இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால், அத்தியாயத்தைக் கட்டிப் போட்டிருக்க மாட்டேன். மூன்று பந்தி முறைகளையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று ஏன் இன்னொன்றுக்கு இடம் விட்டது என்று எழுதியிருப்பேன். அந்தப் புத்தகம் பழசாகியிருக்காது.

என் பழைய மாணவர் ஒருவரைச் சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "சார், உங்க குட்னெஸ் கணக்கெல்லாம் மறந்துபோச்சு. ஆனா ஆபீஸ்ல புதுப் பசங்களுக்கு இன்னும் உங்க பந்திக் கதையைத்தான் சொல்லிக்கொடுக்கறேன். உங்க நோட்ஸ் ஜெராக்ஸ் எங்க ஜூனியர்ஸ் வரைக்கும் போச்சே, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இலையில் வைத்த பாயசம் ஆறிப்போகிற வரைக்கும் ஒன்றும் பேச வரவில்லை.

கடைசியாக, நம் சங்கத்தாரும் மாணவர்களும் சேர்ந்து யோசிக்க ஒரு செய்தி. லயன்ஸ் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கென்றே ஒரு பேராசிரியர் இருக்கை இருக்கிறது. பழைய மாணவர்களும் யுனிக்ஸ் அன்பர்களும் நிதி திரட்டினார்கள். 'யுனிக்ஸ்' என்று எழுதிய ஒரு கலிபோர்னியா கார் நம்பர் பிளேட்டைக்கூட 1998-ல் ஏலம் விட்டு அதற்காகப் பணம் சேர்த்தார்கள். நம்மால் இருக்கை அமைக்க முடியுமா, தெரியாது. ஆனால் எக்ஸ்.வி.6-க்குத் தமிழில் ஓர் உரை எழுதி, நம் துறை மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்க முடியும். பத்தாயிரத்துக்கும் குறைவான வரிகள்தான். வருடத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்தால் போதும். சிலபஸில் இருக்கிறதா என்று சங்கம் கேட்காது என்று நம்புகிறேன்.

பரணிலிருந்து கட்டை இறக்கிவிட்டேன். பந்தி அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கமக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். வேண்டுகிறவர்கள் தாராளமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.